இரண்டாம் சனிக்கிழமைப் பூக்கள்

கரியாலூர்
17.6.2025

சுதாவுக்கு,

உன் போன் ஒன்பது நாளாக அணைந்து கிடக்கிறது. இங்கே டவர் கிடைக்க ரோட்டு வளைவில் இருக்கிற பாறைமேல் ஏற வேண்டும். இந்த முட்டிவலியோடு தினம் இரண்டு முறை ஏறி இறங்கியாகிவிட்டது. அருவிக்கு வருகிற பிள்ளைகள் என்னை ஏதோ சாமியாடுகிற பொம்பளை என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள்.

பதினான்காம் தேதி கூட்டத்துக்கும் நீ வரவில்லை. கள்ளக்குறிச்சியில் பூமாலையின் டைலர் கடை மாடியில் எட்டு பேர் உட்கார்ந்து உன் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாதத்தில் ஒரே ஒரு நாள், இரண்டாம் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் அருவிக்குக் கூட்டம் அலைமோதும், என் சாப்பாட்டுக் கடைக்கும் அன்றுதான் நல்ல வியாபாரம். அதைப் பூட்டிவிட்டு நான் மலையிறங்குவது லேஸ் பின்னுவதற்கு மட்டுமா? உன்னைப் பார்க்கவும்தான். இதை நேரில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

கண்காட்சி நன்றாக நடந்தது. எட்டாம் தேதி நம் லேஸ் திரையை வாசலிலேயே தொங்கவிட்டேன். நூற்று இருபத்தாறு பூக்கள், ஒவ்வொன்றிலும் பின்னியவர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு. உன் பூக்கள் பதினான்கும் ஆள் உயரத்தில், கண்ணுக்கு நேராக இருந்தன. ஒரு டீச்சரம்மா உன் பூவைத் தொட்டுப் பார்த்து, மெஷினில் போட்டதா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

இந்தக் கடிதத்தை ஆதிமூலம் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பீடியை விடுவதற்காகப் பின்னல் ஊசி பிடித்த கண்டக்டர் நமக்குத் தபால்காரராகவும் ஆகிவிட்டார். உன் தெருமுனைக் குழாயடியில் பஸ் நிற்கும்போது வாங்கிக்கொள். மாமியார் கேட்டால் நூல்கண்டு என்று சொல். உள்ளே ஒன்று வைத்திருக்கிறேன், அதனால் பொய்யும் இல்லை.

மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லித்தானே வருவாய், இந்த மாதம் ஏன் போகவில்லை என்று வீட்டில் கேட்கவில்லையா? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுது.

மலர்விழி


மணலூர்பேட்டை
24.6.2025

மலர்விழி அக்காவுக்கு,

வீட்டில் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள்.

எட்டாம் தேதி கண்காட்சிக்கு என் வீட்டுக்காரர் வந்திருந்தார். கரும்புக்கு மருந்தடிக்கிற புது மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லி வந்தவர். திரும்பும்போது நீங்கள் வாசலில் தொங்கவிட்டதைப் பார்த்திருக்கிறார். 'ஜெயசுதா, மணலூர்பேட்டை, 13.4.2024'. அதற்கடுத்த மாதம். அதற்கும் அடுத்த மாதம். பதினான்கு சீட்டையும் ஒவ்வொன்றாகப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் காலண்டர் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களை என் மாமியார் அதில் வட்டம் போட்டு வைத்திருப்பார். நடுக்கூடத்தில் காலண்டரைத் தரையில் விரித்து, பக்கத்தில் போனை வைத்து, அவர் தேதியைப் படிக்கப் படிக்க மாமியார் வட்டத்தின்மேல் விரல் வைத்தார். பதினான்கும் சரியாக இருந்தது.

"டாக்டரு இன்னா சொன்னாருடி?" என்று கேட்டார். போன வருஷம் மார்ச் மாதமே, பிள்ளைக்கு இனி மருந்தால் ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றேன். மாமியார் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் இந்தப் பதினான்கு மாதமும் செவ்வாய்க்கிழமை தவறாமல் சோறு தண்ணி இல்லாமல் இருந்தவர். அந்த நாட்களில் நான் அவர் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர்தான் போனைத் தூக்கிச் சுவரில் அடித்தார். என்னுடைய போனை.

இந்த உலகத்திலேயே என் பொய்யை நான் சொன்னது உங்கள் ஒருவரிடம்தான். பதினான்கு சீட்டை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இனி எனக்கு எழுத வேண்டாம். நூலும் அனுப்ப வேண்டாம்.

ஜெயசுதா


கரியாலூர்
30.6.2025

சுதா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி.

மறந்துவிட்டேன். அன்று காலையில் கயிறு கட்டவும் பந்தல்காரரோடு சண்டை போடவும்தான் நேரம் சரியாக இருந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். சீட்டில்லாத பூ திரையில் ஏறாது. ஒருத்தர் கை இழுப்பு இன்னொருத்தருக்கு வராது, பிரிந்தால் பின்னியவரேதான் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பெயர் வேண்டும். திரை முழுதாக முடிகிறவரை எந்தச் சீட்டையும் அவிழ்ப்பதில்லை என்று ராணியம்மாள் முதல் நாளே சொன்னார், நாமும் தலையாட்டினோம். அந்தப் பழக்கத்திலேயே விட்டுவிட்டேன். இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் வந்து உன் மாமியாரிடம் பேசட்டுமா? அவர் காலில் விழக்கூடத் தயார். இல்லையென்றால் நீ இங்கே வந்துவிடு. கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. என் புருஷன் போன பிறகு அதில் பலாப்பழமும் விறகும்தான் குடியிருக்கின்றன. நாலு நாளோ நாலு வருஷமோ இரு. யாரும் உன்னைக் காலண்டரில் வட்டம் போட மாட்டார்கள்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மலர்விழி


மணலூர்பேட்டை
13.7.2025

மலர்விழி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அரிசி டிரம்மில் வைத்திருக்கிறேன். நேற்று இரண்டாம் சனிக்கிழமை. பத்து மணி பஸ் வந்தபோது குழாயடியில் குடத்தோடு நின்றேன். ஆதிமூலம் அண்ணன் படியில் நின்று என்னைப் பார்த்தார். "வரியாம்மா?" என்றுகூடக் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். பஸ் போன பிறகும் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

இங்கே நிலைமை என்னவென்றால், நான் குழாயடிக்குப் போகலாம், கொல்லைக்குப் போகலாம். கோயிலுக்கு மாமியாரோடு போகலாம். போன மாதம் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனார். அங்கே நர்சிடம் என் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, நிஜமாகவே மார்ச்சோடு முடித்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த இடத்திலிருந்து பூமாலை கடை நடக்கிற தூரம்தான். அந்த நேரத்திலும் எனக்கு அந்த மாடி நினைவுக்கு வந்தது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

வேலைக்குப் போனேன் என்றாலும் மன்னித்திருப்பார்களாம். "தையலு கத்துக்கினு நாலு ஜாக்கெட்டு தெச்சிருந்தாலும் ஒத்துக்கலாம். சும்மா குந்திக்கினு பூ போட்டுக்கினு இருந்தாளாம்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். அந்தச் 'சும்மா'தான் என் குற்றம். எனக்கு வேண்டியதும் அந்தச் 'சும்மா'தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

தியாகதுருகத்தில் மாமியாருடைய அண்ணன் வகையில் ஒரு பெண் இருக்கிறது. எனக்கு வைத்தியம் நடக்கிறது என்று நம்பிய வரைக்கும் அவளை இரண்டாம் தாரமாகக் கட்டுகிற பேச்சு வராமல் இருந்தது. இப்போது அடுப்படிக்கே வந்துவிட்டது. நானும் இருக்கலாமாம், அவளும் இருக்கலாமாம். தெருவில் ஒருவரிடம் போன் வாங்கி, திருநாவலூரில் இருக்கிற என் தம்பி தமிழழகனிடம் பேசினேன். "அக்கா, நீ அங்கயே அனுசரிச்சிக்கினு இரு" என்றான்.

உங்கள் அறைக்கு வர முடியாது. இந்தக் கூண்டிலிருந்து அந்தக் கூண்டுக்கு. அதைவிட, ஒன்று கேட்க வேண்டும். திரையைத் தொங்கவிட நூற்று இருபத்தாறு பூவையும் உங்கள் கையால்தான் நீவி விட்டிருப்பீர்கள். ஈரத்துணி போட்டு, ஒவ்வொரு இதழையும் இழுத்துக் குண்டூசி குத்தி. அதை எப்படிச் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். என் பெயர் பதினான்கு முறை உங்கள் விரலுக்குக் கீழே வந்திருக்கும். நிஜமாகவே மறந்துவிட்டீர்களா?

ஜெயசுதா


கரியாலூர்
21.7.2025

சுதா,

மறக்கவில்லை.

மூன்று நாளாக இந்த ஒரு வார்த்தையை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்தவர்களுக்குக் குழம்பில் உப்புப் போடாமல் பரிமாறிவிட்டேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பூமாலை மாடியில் பூக்களை நீவும்போது உன் முதல் சீட்டைப் பார்த்ததுமே சுருக்கென்றது. யாராவது உங்கள் ஊர்க்காரர் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். முடிச்சை அவிழ்த்தேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு திரும்பக் கட்டினேன். மற்ற பதின்மூன்றைத் தொடவே இல்லை. வழக்கம் வழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உன் பொய் வெளியே வந்தால் உன்னைத் துரத்திவிடுவார்கள், துரத்திவிட்டால் நீ எங்கே வருவாய் என்று ஒரு நினைப்பு ஓடியது. பின்னறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்றுகூட யோசித்தேன், சுதா. இந்த மலையில் ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினால் மறுநாள் விடிகிறவரை என் குரலை நானே கேட்பதில்லை. மாதத்துக்கு ஒரு நாள் நீ பக்கத்தில் உட்கார்ந்து, பின்னலைக் காட்டி, "அக்கா, இங்க எத்தன சங்கிலி?" என்று கேட்பாய். தெரிந்துகொண்டே கேட்பாய். எனக்கு அது போதவில்லை. மீதி இருபத்தொன்பது நாளும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

உன் மாமியார் உன்னைப் பூட்டியதற்கு ஊர்வாய் காரணம். நான் செய்ததற்கு என்ன காரணம் சொல்வது? அவர் பூட்டினார், நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

இனி நான் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. உன் நாற்காலி காலியாக இருக்கும்போது நான் மட்டும் அங்கே உட்காருவது நியாயமில்லை. வா என்றும் உன்னைக் கூப்பிட மாட்டேன். அந்தத் தகுதி எனக்குப் போய்விட்டது.

மலர்விழி


மணலூர்பேட்டை
10.8.2025

மலர்விழி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உங்களைத் திட்டினேன். அம்மி அரைக்கும்போதும் திட்டினேன், சாணி வாரும்போதும் திட்டினேன். மூன்றாம் நாள் ஓய்ந்துவிட்டேன். இந்த வீட்டில் உண்மை சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. நீங்களாவது சொன்னீர்கள்.

போன வாரம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் இடத்துக்கு வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டு போனேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். என்ன தெரியும் என்று கேட்டேன். போன வருஷம் ஜூன் மாதமே ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தாராம். "நீ எங்கியோ போய்க்கினு வந்துக்கினு இருந்த. வைத்தியம் நடக்குதுன்னு அம்மாவும் கம்முனு இருந்துச்சி. வூடு அமைதியா இருந்துச்சி. இன்னாத்துக்குக் கெளறணும்னு வுட்டுட்டேன்." அப்படியானால் ஏன் சீட்டைப் படம் பிடித்து வந்து நடுக்கூடத்தில் படித்தீர்கள் என்றேன். கண்காட்சிக்கு அவரோடு சித்தப்பா மகன் தீனதயாளனும் வந்திருக்கிறான். முதலில் படித்ததே அவன்தானாம். "அவன் பாத்துட்டான். நான் தெரியாத மாதிரி இருந்தா என்னிய இன்னான்னு நெனப்பான்?"

சோற்றுத்தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். கோபம் வரவில்லை அக்கா. என் பொய் என்னுடையது மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அதற்குள்ளும் அவர் வந்து காலை நீட்டிப் படுத்திருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் மாமியார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பிறகு முகம் பார்த்துப் பேசினார். "நாலு பேரு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்ல முடியில. திருவண்ணாமலைல புது டாக்டரு பாக்கறோம்னு சொல்லிக்கலாம். தியாகதுருகத்து பேச்ச தள்ளி வைக்கறேன். நீயும் உன் சனிக்கெழமைக்குப் போய்ட்டு வா, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கேக்கறவங்க கிட்ட ஆஸ்பத்திரின்னுதான் சொல்லணும். அந்த சீட்டுல பேரு எழுதற வேலையும் வாணாம்."

எனக்கு வேண்டியதெல்லாம் கொடுத்துவிட்டார் பாருங்கள். சனிக்கிழமை, வீடு, புருஷன். சரி என்று தலையாட்டினேன். இரவெல்லாம் சந்தோஷப்பட முயற்சி செய்தேன்.

நேற்று பத்து மணி பஸ் ஏறினேன். இரண்டு சனிக்கிழமை தவறிய பிறகு ஜன்னலோரம். ரிஷிவந்தியம் தாண்டும்போது பின் சீட்டிலிருந்து எங்கள் தெரு மணிமொழி அக்கா, "இன்னா ஜெயசுதா, ஆஸ்பத்திரிக்கா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் இதையே சொல்ல வேண்டும் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. எனக்கு முப்பத்து மூன்று வயது.

"இல்லக்கா. ஆஸ்பத்திரிலாம் போன வருஷமே முடிஞ்சிபோச்சி. கொழந்த பொறக்காதுன்னு சொல்லிட்டாங்க. நான் லேஸ் பின்ன போறேன்" என்றேன்.

பஸ்ஸில் நாற்பது பேர் இருப்பார்கள். ஆதிமூலம் அண்ணன் டிக்கெட் கிழிக்கிறவர் அப்படியே நின்றுவிட்டார்.

நீங்கள் வரவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மாடிப்படி ஏறினேன். ராணியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார், பூமாலை டீ வாங்கி வந்தார். நான் ஒரு சுற்றுகூடப் பின்னவில்லை.

திரும்பி வந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. மாமியார் ஒன்றே ஒன்று கேட்டார். "பஸ்ஸுல எத்தினி பேரு இருந்தாங்க?" சொன்னேன். போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜெயசுதா


கரியாலூர்
14.8.2025

சுதா,

உன் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு அன்றைக்கு நான் கடையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ பஸ்ஸில் சொன்னதைப் பத்து முறை படித்துவிட்டேன். எனக்கு அந்தத் தைரியம் எந்த வயதிலும் இருந்ததில்லை. நான் எதையும் சீட்டுக்குப் பின்னாலிருந்து செய்கிறவள்.

உன்னை என்ன செய்கிறார்கள்? அடிக்கிறார்களா? சாப்பாடு போடுகிறார்களா? ஆடி முடிந்ததும் தியாகதுருகத்துக்காரர்கள் கிளம்பிவிடுவார்களே என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். உன் புருஷன் சுபாஷ் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாட்டேன் என்று. அவர் சொல்வாரா? நீ இன்னும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாயா? கோபப்படாதே, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அறையைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் விறகை எடுத்து வெளியே அடுக்கிவிட்டேன். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது, அதற்காகத்தான்.

மலர்விழி


மணலூர்பேட்டை
20.8.2025, புதன்

மலர்விழி அக்காவுக்கு,

ஆமாம், அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷம் ஒரே பாயில் படுத்தவர். அந்த ஒரு வார்த்தை வரும் என்று நம்பினேன்.

அடிக்கவில்லை, சோறும் போட்டார்கள். பத்து நாளும் யாரும் என்னோடு பேசவில்லை. ஆடி போகட்டும் என்று காத்திருந்தார்கள். நேற்று மத்தியானம் மாமியார், "நாளைக்கிப் பதினோரு மணிக்குத் தியாகதுருகத்துல இருந்து வராங்க. கேசரி கெளறிடு, பஜ்ஜிக்கு மாவு கரைச்சி வை" என்றார். வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்தேன். நகத்தைப் பேப்பரில் மடித்து வெளியே போடப் போனார்.

அப்போதும்கூட நான் கிளம்ப நினைக்கவில்லை. எங்கே போவது என்றுதான் நினைத்தேன். ரவையைக்கூட அளந்து வைத்தேன். இன்று காலை மாமியார் கூடத்தைப் பெருக்கி டீப்பாயைத் துடைத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது மேல நல்லதா ஒரு விரிப்பு போடும்மா. நீதான் சோக்கா பின்னுவியே" என்றார்.

குத்திக்காட்டவில்லை அக்கா. நிஜமாகவே சொன்னார். எட்டு மாதமாக ராத்திரியும் பகலும் நான் பின்னி, என் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த வெள்ளை விரிப்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் அது குற்றமாக இருந்தது. இன்றைக்கு அந்தப் பெண்ணின் அம்மா காபி டம்ளரை வைப்பதற்கு அது வேண்டுமாம்.

வீட்டுக்காரர் திண்டில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "போடட்டுமா?" என்று அவரிடம் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு இதுதான் கடைசி இடம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். "அம்மாதான் கேக்குது இல்ல, போடேன்" என்றார்.

விரிப்பை எடுக்க உள்ளே போனேன். எடுத்துப் பையில் வைத்தேன். இரண்டு புடவை, ஊசிப்பெட்டி, ஆதார் அட்டை. ரவை இன்னும் தட்டிலேயே இருக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பத்து மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம்.

இதை ஆதிமூலம் அண்ணன் கொண்டு வர மாட்டார். நானே கொண்டு வருகிறேன். கள்ளக்குறிச்சியில் மலை பஸ் மாறி, உங்கள் கடை வாசலில் நின்று இதை உங்கள் கையில் கொடுப்பேன். நீங்கள் படித்து முடிக்கிற வரைக்கும் வெளியிலேயே நிற்பேன்.

நீங்கள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். யாரும் என்னைத் துரத்தவில்லை. நானாகக் கிளம்பி வருகிறேன். உங்களை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இது சரி என்றால் கதவைத் திறங்கள். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று நான்தான் சொல்வேன்.

ஜெயசுதா